இரவில் வெட்டப்பட்ட தேயிலையும் அறுக்கப்பட்ட குழாயும்: வழக்கு எதில் நிற்கும்?

கேட்டவர் நீலகிரியில் ஒரு படுகர் கிராமத்தை, அதாவது ஹட்டியை, சேர்ந்த சிறு தேயிலை விவசாயி. அவர் எழுதியதன் சுருக்கம் இது. ஒன்றேகால் ஏக்கர் தோட்டம். தாத்தா பெயரில் இருந்த பட்டா இப்போது இவருக்கும் இவருடைய சித்தப்பா மகனுக்கும் கூட்டுப் பட்டாவாக இருக்கிறது. பிப்ரவரியில் ஓர் இரவு 180 செடிகளை யாரோ வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள். ஓரத்தில் நின்ற 9 சில்வர் ஓக் மரங்களின் பட்டையைச் சுற்றிலும் உரித்திருக்கிறார்கள். ஓடையிலிருந்து ஸ்பிரிங்க்ளருக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாயை மூன்று இடங்களில் அறுத்திருக்கிறார்கள். காவல் நிலையத்தில், "பங்காளித் தகராறு, கூட்டுப் பட்டா வேறு, சிவில் கோர்ட்டுக்குப் போங்கள்" என்று சொல்லி, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்திருக்கிறார்கள். "கரிக்கையூர் பாறை ஓவியத்தின் மேல் பெயர் கிறுக்கியவர்களையே யாரும் ஒன்றும் செய்யவில்லை, என் செடிக்கா நியாயம் கிடைக்கப் போகிறது?" என்றும் கேட்டிருக்கிறார்.

காவல் நிலையத்தில் சொன்னது சரிதானா என்ற முதல் கேள்விக்கு நேரான பதில்: கூட்டுப் பட்டா என்பதால் குற்ற வழக்கு வராது என்று சொன்னது தவறு. ஆனால் அந்தத் தவறான காரணத்துக்குப் பின்னால் அவர்கள் வாய்விட்டுச் சொல்லாத இன்னொரு தயக்கம் இருக்கிறது. அது சேதத்தின் மதிப்பைப் பற்றியது. அதை முழுக்கத் தவறு என்று என்னால் சொல்ல முடியாது. இவை இரண்டையும் தனித்தனியே எடுத்துக்கொண்டால்தான் மனுவை எப்படித் திருத்தி எழுதுவது என்பது விளங்கும். அப்படித் திருத்தும்போது, செடிகளைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டு நீங்கள் கடைசி வரியில் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கும் அந்தக் குழாய் முதல் பத்திக்கு வர வேண்டும். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பிறர் சொத்துக்குக் கேடு விளைவிப்பதைக் குற்றமாக்கும் விதி, 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 425-ஆவது பிரிவாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 324-ஆவது பிரிவாக, பெரும்பாலும் பழைய சொற்களோடே, இடம்பெற்றிருக்கிறது. ஒருவருக்கோ பொதுமக்களுக்கோ நியாயமற்ற இழப்பு ஏற்பட வேண்டும் என்ற எண்ணத்தோடு, அல்லது ஏற்படக்கூடும் என்று தெரிந்தே, ஒரு பொருளை அழிப்பதும், அதன் மதிப்போ பயனோ குறையும்படி அதை மாற்றுவதும் குற்றம். இந்த விதிக்குக் கீழே இரண்டு விளக்கங்கள் உண்டு. கேடு செய்தவர் அந்தப் பொருளின் உரிமையாளருக்குத்தான் தீங்கு நினைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பது ஒன்று. கேடு செய்தவருக்கே சொந்தமான பொருளாக இருந்தாலும், அவருக்கும் பிறருக்கும் பொதுவான பொருளாக இருந்தாலும் குற்றம் குற்றமே என்பது மற்றொன்று. இதற்குப் பழைய சட்டத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருந்தது: ஒரு குதிரை இருவருக்குப் பொதுவானது, மற்றவருக்கு நட்டம் வரட்டும் என்று ஒருவர் அந்தக் குதிரையைச் சுட்டுக் கொன்றால், தன் பாதிக் குதிரையைத்தான் சுட்டேன் என்று அவர் வாதாட முடியாது. உங்கள் 180 செடிகளும் அந்தக் குதிரையைப் போன்றவைதான். பிரிவினை ஆகாத நிலத்தில் ஒவ்வொரு செடியிலும் உங்களுக்குப் பங்கு இருக்கிறது. அதே எடுத்துக்காட்டு வரிசையில், அடுத்தவன் வயலை அழிக்க மாட்டை அவிழ்த்துவிடுவதும் சொல்லப்பட்டிருக்கிறது என்பதை நம் ஊர்களில் பலர் அறிய மாட்டார்கள்.

எதிர்த்தரப்பு இதற்கு என்ன பதில் சொல்லும் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். "அந்தப் பகுதி வாய்மொழிப் பாகத்தில் எனக்கு வந்தது, என் செடியை நான் வெட்டினேன்" என்பதுதான் வழக்கமான வாதம். தன் உரிமை என்று ஒருவர் மனதார நம்பிச் செய்த செயலில் நியாயமற்ற இழப்பு உண்டாக்கும் எண்ணம் இல்லை என்று நீதிமன்றங்கள் ஏற்றுக்கொள்வது உண்டு; "சிவில் தகராறு" என்ற சொல்லுக்குச் சட்டத்தில் உள்ள ஒரே நியாயமான வேர் இதுதான். இந்த வாதத்தை உடைப்பது பட்டா அல்ல, அனுபோகம். கடந்த நான்கைந்து ஆண்டுகளாக அந்தப் பகுதியில் யார் இலை பறித்தார்கள், யார் உரம் போட்டார்கள், எந்தத் தொழிற்சாலைக்கு யார் பெயரில் இலை போனது என்பதற்கு எழுத்தில் ஆதாரம் இருக்க வேண்டும். கூட்டுறவுத் தொழிற்சாலையிலோ இலை ஏஜென்ட்டிடமோ உங்கள் பெயரில் இருக்கும் இலைக் கணக்குப் புத்தகமும், தேயிலை வாரியம் சிறு விவசாயிகளுக்குக் கொடுத்திருக்கும் அடையாள அட்டையும் இந்த இடத்தில் பட்டாவைவிட அதிகமாகப் பேசும். மேலும், தன் செடி என்று நம்புகிறவர் அதை இரவில் வந்து வெட்ட வேண்டிய அவசியம் இல்லை. தன் பங்குக்கும் தண்ணீர் தரும் குழாயை அறுக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இனி மதிப்பு. இந்தப் பிரிவில் தண்டனை படிப்படியாக ஏறுகிறது. சாதாரணக் கேட்டுக்கு 6 மாதம் வரை சிறை. இழப்பு 20,000 ரூபாய் முதல் ஒரு லட்சத்துக்குள் என்றால் 2 ஆண்டு வரை. ஒரு லட்சமும் அதற்கு மேலும் என்றால் 5 ஆண்டு வரை. கடைசிப் படியில் காவல்துறை நேரடியாக வழக்குப் பதியலாம். அடிப்படிக் குற்றத்தில் நீதித்துறை நடுவரின் உத்தரவு இல்லாமல் விசாரணையில் இறங்கவே முடியாது. ஆகவே, மனுவில் "பல லட்சம் நட்டம்" என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தால், அதைப் படிக்கும் அதிகாரி மனதுக்குள் ஒரு கணக்குப் போடுகிறார். அந்தக் கணக்கில் உங்கள் தோட்டம் ஒரு லட்சத்தை எட்டுவதில்லை. நீங்களே போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு, உங்கள் தோட்டத்தில் 6,000 செடிகள் இருந்து, ஆண்டுக்கு 3,600 கிலோ பசுந்தேயிலை கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு செடிக்கு 600 கிராம். 180 செடிக்கு ஆண்டுக்கு 108 கிலோ. கணக்கு எளிதாக இருக்கக் கிலோவுக்கு 20 ரூபாய் என்று எடுத்தால் 2,160 ரூபாய். புதுச் செடி நட்டு முழு மகசூலுக்கு வர ஐந்து ஆண்டு என்று பிடித்தாலும் 10,800 ரூபாய்தான். தாத்தா நட்ட செடி, அப்பா கவாத்து எடுத்த செடி என்பதற்கு இந்தக் கணக்கில் இடம் கிடையாது.

எனவே இலையோடு நிறுத்திவிடக் கூடாது. அடிக்கட்டையைத் தோண்டி எடுக்கும் கூலி, நாற்று, நடவு, மூன்று நான்கு ஆண்டுக் களையெடுப்பும் உரமும், குழாய், இணைப்புகள், மரங்கள், மரங்களில் மிளகுக் கொடி ஏற்றியிருந்தால் அந்தக் கொடிகள், தண்ணீர் இல்லாமல் அந்தக் கோடையில் மிச்சச் செடிகளில் குறைந்த இலை என்று ஒவ்வொன்றையும் தனி வரியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளை இணைக்க வேண்டும். இலை விலைக்கு, தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் நீலகிரி மாவட்டச் சராசரி விலையே போதும். அதை யாரும் மறுக்க முடியாது. செடிகளுக்குத் தோட்டக்கலைத் துறை அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். 20,000 ரூபாயைத் தாண்டும் ஒரு நேர்மையான கணக்கு, ஐந்து லட்சம் என்று ஊதிப் பெருக்கிய கணக்கைவிட உங்களுக்கு அதிகம் உதவும். குறுக்கு விசாரணையில் ஒரு வரி பொய் என்று தெரிந்தால் மற்ற வரிகளும் அதோடு போய்விடும்.

செடி வெட்டிய வழக்குகள் எங்கே தோற்கின்றன என்பதை நான் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். சுமார் 20 ஆண்டுகளுக்கு முன், மலையில் ஒரு நீதிமன்றத்தில், இதே போன்ற வழக்கில் நான் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக ஆஜரானேன். புகார் கொடுத்தவர் நல்ல மனிதர். வெட்டுண்ட செடிகளைப் பார்க்கப் பொறுக்காமல் மூன்றாம் நாளே ஆளை விட்டு அடிக்கட்டைகளைத் தோண்டி எடுத்துவிட்டார். எட்டாம் நாள் காவல்துறை வந்து இடத்தைப் பார்த்து எழுதிய பார்வை மகஜரில் "சுமார் 200 செடிகள்" என்று மட்டும் இருந்தது. கூண்டில் அவரிடம் நான் கேட்டவை மூன்றே கேள்விகள். கடைசியாகக் கவாத்து எடுத்தது எப்போது? வெட்டு எந்த உயரத்தில் இருந்தது? அடிக்கட்டைகள் இப்போது எங்கே? மூன்றாவது கேள்விக்கு, "விறகுக்கு எடுத்துக்கொண்டோம்" என்றார். என் கட்சிக்காரர்கள் விடுதலையானதற்குக் காரணம் என் திறமை அல்ல, அந்த விறகு.

தேயிலையில் இந்தச் சிக்கல் தனி. வாழையையோ பாக்கையோ வெட்டினால் வெட்டியதுதான். தேயிலையோ வெட்டுவதற்கென்றே வளர்க்கப்படும் செடி. நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை கவாத்து என்ற பெயரில் நாமே அதைத் தரையிலிருந்து ஒன்றரை இரண்டு அடி உயரத்தில் வெட்டிவிடுகிறோம். வெட்டிய தோட்டம் இரண்டு மாதத்துக்குப் பார்க்கச் சுடுகாடு போல இருந்தாலும் பிறகு துளிர்க்கிறது. "அது கவாத்துதான்" என்று எதிர்த்தரப்பு சொன்னால் மலைக்குப் புதிதான ஓர் அதிகாரி நம்பிவிடுவார். ஆகவே வித்தியாசத்தை அருகிலிருந்து காட்ட வேண்டும். கவாத்துக் கத்தி பழகிய கை ஒரே வீச்சில், சாய்வாக, வழவழப்பாக வெட்டும். ஒரு வரிசையில் எல்லாச் செடியும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும். கெட்ட எண்ணத்தோடு இருட்டில் வெட்டியவனின் வெட்டு ஒரு செடியில் முழங்கால் உயரத்திலும் அடுத்ததில் மண்ணோடு மண்ணாகவும் இருக்கும். தண்டு பிளந்து, பட்டை நார் நாராகத் தொங்கும். ஒரே தண்டில் இரண்டு மூன்று கொத்துகள் விழுந்திருக்கும். காலமும் சாட்சி சொல்லும். நம் பக்கம் கவாத்து ஏப்ரல், மே மாதங்களிலோ ஆகஸ்ட், செப்டம்பரிலோ எடுப்பது வழக்கம். மண் வறண்டு கிடக்கும் பிப்ரவரியில், அதுவும் தோட்டத்தின் நடுவில் 180 செடிக்கு மட்டும், எவரும் கவாத்து எடுப்பதில்லை.

இதைப் படம் எடுக்கும்போது ஒவ்வொரு செடிக்கும் பக்கத்தில் ஓர் அடிக்கோலை நிறுத்தி எடுங்கள். செடிக்கு எண் எழுதிய ஓலையோ அட்டையோ கட்டுங்கள். கைப்பேசியில் எடுத்த படத்தை நீதிமன்றத்தில் கொடுக்க, பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆவது பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். ஆகவே படம் இருக்கும் கைப்பேசியைப் பத்திரமாக வைத்திருங்கள், விற்றுவிடாதீர்கள். வெட்டுப்பட்ட எதையும் பிடுங்காதீர்கள். இதற்கு வழக்கைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. வேர்க்கழுத்து காயப்படாத செடிகளில் ஒரு பகுதி இரண்டு மூன்று மாதத்தில் துளிர்த்துவிடும். முதல் நாள் ஒரு கணக்கும் தொண்ணூறு நாள் கழித்து ஒரு கணக்கும் எடுத்து, பிழைத்தது இத்தனை, பட்டுப்போனது இத்தனை என்று நீங்களே பிரித்துக் காட்டினால் உங்கள் கணக்கை நீதிமன்றம் நம்பும்.

செய்தது மனிதன்தான் என்பதையும் முதலிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். குழாயைக் காட்டுமாடு மிதித்து உடைப்பதும், கரடி கதவைப் பெயர்த்துச் சமையலறையில் எண்ணெய் தேடுவதும் நம் ஊர்களில் மாதத்துக்கு ஒருமுறை நடக்கின்றன. அவற்றுக்குப் போக வேண்டிய இடம் வனத்துறை, கேட்க வேண்டியது இழப்பீடு. மாடு மிதித்த குழாய் நசுங்கி நீளவாக்கில் விரிசல் விடும். ரம்பத்தால் அறுத்த குழாயின் வாய் வட்டமாக, ஓரத்தில் பிசிறோடு இருக்கும். அறுபட்ட மூன்று துண்டுகளையும் எடுத்து வைத்து, மகஜர் எழுதும்போது கைப்பற்றச் சொல்லுங்கள்.

இப்போது அந்தக் குழாய்க்கு வருகிறேன். பாரதிய நியாய சன்ஹிதாவின் 326-ஆவது பிரிவின் முதல் உட்பிரிவு, பழைய சட்டத்தில் 430-ஆக இருந்தது. விவசாயத்துக்கோ, மனிதர் குடிப்பதற்கோ, வளர்ப்பு விலங்குகளுக்கோ போகும் தண்ணீர் குறையும்படி கேடு செய்தால் 5 ஆண்டு வரை சிறை என்கிறது அது. இதில் ரூபாய்க் கணக்கே கிடையாது. குழாயின் விலை 900 ரூபாயாக இருக்கலாம். குற்றம் குழாயைப் பற்றியதல்ல, தண்ணீரைப் பற்றியது. இந்தக் குற்றத்தில் காவல்துறை நடுவரைக் கேட்காமலேயே வழக்குப் பதிந்து விசாரிக்கலாம். செடி வெட்டியதற்கு "மதிப்புப் போதாது" என்று திருப்பி அனுப்பக்கூடிய ஒரு நிலையம், தண்ணீரை நிறுத்தியதற்கு அந்தப் பதிலைச் சொல்ல முடியாது. ஒரே இரவில் ஒரே ஆட்கள் செய்த மூன்று செயல்களில் ஒன்றுக்கு வழக்குப் பதிவானால், மற்ற இரண்டும் அதே முதல் தகவல் அறிக்கையில் ஏறிக்கொள்ளும். எனவே மனுவை இப்படித் தொடங்குங்கள்: எந்த ஓடை, எத்தனை ஆண்டாக எடுத்துவரும் தண்ணீர், எத்தனை அங்குலக் குழாய், அறுபட்ட மூன்று இடங்கள், அதனால் எத்தனை நாள் தண்ணீர் நின்றது. ஓடையிலிருந்து தண்ணீர் எடுக்க உங்களுக்கு உள்ள உரிமை என்ன என்று கேட்பார்கள். அதற்கான தாளோ, பக்கத்துத் தோட்டக்காரர்களின் சாட்சியமோ கையில் இருக்கட்டும்.

மரங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பட்டை உரித்த சில்வர் ஓக் உடனே சாகாது. மேலே பல மாதம் பச்சையாகவே நின்று, மெல்ல இலை உதிர்த்துக் காயும். "மரம்தான் நிற்கிறதே" என்று மகஜரில் விட்டுவிடுவார்கள். உரித்த வளையத்தின் அகலத்தையும், அது தண்டை முழுவதும் சுற்றி வருகிறதா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். பிறகு மரம் பட்டுப்போனாலும் நீங்களாக வெட்டிவிடாதீர்கள். 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் நீலகிரிக்கு இருக்கிறது. சொந்தப் பட்டாவில் நிற்கும் மரத்துக்கும் அனுமதி வேண்டும். அடுத்தவன் கொன்ற மரத்தை வெட்டப் போய், புகார் கொடுத்தவரே குற்றவாளியாகி நிற்கும் கொடுமை உங்களுக்கு வர வேண்டாம்.

நடைமுறை நீளமானதல்ல. நிலையத்தில் வாங்க மறுத்தால், புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவின்படி மனுவை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் பதில் இல்லை என்றால் பிரமாண வாக்குமூலத்தோடு நீதித்துறை நடுவரிடம் போகலாம். 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளரின் அனுமதியோடு 14 நாளுக்குள் ஒரு முதற்கட்ட விசாரணை நடத்த நிலையத்துக்கு இப்போது அதிகாரம் உண்டு. எனவே இரண்டு வாரம் பொறுக்கச் சொன்னால் அதை ஏமாற்று என்று நினைத்துவிடாதீர்கள். இதற்கு இணையாக உரிமையியல் நீதிமன்றத்தில் தடையுத்தரவும் நட்டஈடும் கேட்கலாம். அங்கே உங்களுக்கு உண்மையில் பயன்படப் போவது, இடத்தைப் பார்வையிட வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கக் கேட்கும் மனு. அவர் அளந்து எழுதும் அறிக்கை, தாமதமாக வந்த மகஜரின் ஓட்டையை அடைக்கும்.

1992-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சொத்துச் சேதத் தடுப்புச் சட்டத்தைப் போடச் சொல்லி உங்களுக்கு யாரோ ஆலோசனை கொடுத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது முதலில் பொதுச் சொத்துக்காக வந்து, பின்னர் திருத்தத்தால் தனியார் சொத்துக்கும் விரிந்த சட்டம். குறைந்தது ஓர் ஆண்டு, அதிகம் 5 ஆண்டு சிறை என்று கடுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் பேருந்து உடைப்பு, கடை உடைப்பு போன்ற கலவரச் சேதத்தை நினைத்து எழுதப்பட்ட சட்டத்தைப் பங்காளித் தகராறில் இழுக்கிறார்கள் என்ற வாதத்துக்கு அது இடம் கொடுக்கும். நானாக இருந்தால் அதை நம்பி வழக்கைக் கட்ட மாட்டேன். வேறொரு சட்டம் கட்டாயம் நினைவில் இருக்க வேண்டும்: பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராகவோ தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் போன்ற பழங்குடியினராகவோ இருந்து, கேடு செய்தவர் அப்படி இல்லாதவராக இருந்தால், பயிரை அழிப்பதும் பாசன வசதியைத் தடுப்பதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் தனிக் குற்றங்கள். உங்கள் வழக்குக்கு இது பொருந்தாது. படிக்கும் வேறு யாருக்கேனும் பொருந்தலாம்.

கரிக்கையூரைப் பற்றிய உங்கள் ஆதங்கத்துக்கும் இந்த மதிப்புக் கணக்குக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. கீழ் கோத்தகிரிக்கு அப்பால், இருளர்கள் வாழும் அந்த ஊருக்கு மேலே பொறிவரைப் பாறையில் இருக்கும் ஓவியங்களுக்குச் சந்தை விலை என்று ஒன்று இல்லை. அதன்மேல் ஒருவன் தன் பெயரைக் கீறினால் 20,000 ரூபாய் நட்டமா, ஒரு லட்சமா? மகஜரில் எந்த எண்ணை எழுதுவது? கிறுக்கலைத் துடைக்கப் போனால் அடியில் இருக்கும் பழைய வண்ணமும் சேர்ந்து வந்துவிடும் என்பதால், பழுதுபார்க்கும் செலவு என்ற கணக்கும் கிடையாது. தேசிய முக்கியத்துவம் உள்ளதாக அறிவிக்கப்பட்ட நினைவுச்சின்னம் என்றால், 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2010 திருத்தப்படி, சிதைத்தவருக்கு 2 ஆண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. அங்கே விலை கேட்பதில்லை. மாநிலப் பாதுகாப்பில் உள்ளவற்றுக்கு 1966-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது. அறிவிக்கப்படாத சின்னங்கள்தான் நடுவில் விழுகின்றன. அவை காப்புக்காட்டுக்குள் இருந்தால் அனுமதியில்லாமல் நுழைந்தது என்ற குற்றம் மட்டுமே எளிதில் நிற்கும். ஓவியத்தை அழித்தவனுக்கு, காட்டுக்குள் வந்ததற்கு அபராதம்.

பழனி மலையில் இது இன்னும் பழைய கதை. தாண்டிக்குடி, பெரும்பள்ளம், மச்சூர்ப் பக்கத்துக் கல்திட்டைகளை, அதாவது பலகைக்கற்களை நிறுத்தி மூடுகல் போட்ட பழங்கால ஈமச்சின்னங்களை, ஆங்லேட், நியூட்டன் என்ற இரண்டு பாதிரியார்கள் ஆராய்ந்து எழுதியதை இந்தியத் தொல்லியல் துறை 1928-இல் வெளியிட்டது. புதையல் இருக்கும் என்று மூடுகல்லைப் புரட்டியவர்களும், பலகைக்கல்லைச் சுவருக்கும் வாசற்படிக்கும் தூக்கிப்போனவர்களும் அந்தத் திட்டைகளில் பலவற்றைக் குலைத்துவிட்டார்கள். நீலகிரியில் கல்வட்டங்களைத் தோண்டிப் பொருள்களைச் சென்னை அருங்காட்சியகத்துக்கு அனுப்பிய முதல் ஆணையர் பிரீக்ஸின் நூல் 1873-இல் வந்தது. அவர் செய்தது ஆய்வு, ஊரான் செய்தது அழிவு என்று சட்டம் பிரித்துச் சொல்லும். தோண்டப்பட்ட குழிகளின் பக்கத்தில் நின்று பார்க்கும்போது அந்தப் பிரிவு எனக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை.

தண்டனைப் பிரிவு எதுவும் இல்லாமலே ஒரு கேடு குறைய வழி கண்டதையும் நம் மாவட்டம் பார்த்திருக்கிறது. காட்டோரத்தில் குடித்துவிட்டு உடைத்துப்போடும் மதுப்புட்டிகளால் யானை முதலிய விலங்குகளின் கால்கள் கிழிந்தன. காலிப் புட்டி உடைத்தவனுடையது. அவன் பொருளை அவன் உடைத்தான். யாருடைய சொத்துக்குக் கேடு என்று வழக்குப் போடுவது? உயர் நீதிமன்றம் சொன்னதன் பேரில் 2022 மே மாதம் நீலகிரியில், புட்டிக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் திருப்பித் தரும் முறை தொடங்கியது. உடைத்தால் தன் 10 ரூபாய் போகிறது என்று வந்ததும், வீசப்பட்ட புட்டியையும் பொறுக்கிக்கொண்டு போய்க் கொடுக்க ஆள் கிடைத்தது.

உங்கள் விஷயத்தில் கடைசியாக ஒன்று. ஊர்ப் பெரியவர்கள் பேசி முடிக்கலாம் என்று சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அதை நான் மறுக்க மாட்டேன். இழப்பு தனியாருக்கு மட்டுமே என்றால் 324-ஆவது பிரிவுக் குற்றங்களைச் சமரசம் செய்துகொள்ளச் சட்டமே அனுமதிக்கிறது. தண்ணீர்ப் பிரிவைச் சேர்த்து முடிப்பதைப் பற்றி உங்கள் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் முதல் தகவல் அறிக்கை பதிவான பிறகு பேச உட்காருங்கள், அதற்கு முன் அல்ல. முன்னால் உட்கார்ந்தால் உங்களிடம் இருப்பது வருத்தம் மட்டும், பின்னால் உட்கார்ந்தால் வழக்கு எண்ணும் கையில் இருக்கும். பேசும்போது ஒரே தொகையாக வாங்கிக்கொண்டு எழுந்துவிடாதீர்கள். எத்தனை நாற்று, ஜூன் மழைக்கு முன் குழி வெட்டுவது யார், பட்டுப்போகும் நாற்றுக்கு மாற்று நடுவது யார், மூன்றாம் ஆண்டு வரை களையும் தண்ணீரும் யார் பொறுப்பு, புதுக் குழாய் இனி யார் பங்கு வழியாகப் போகும் என்பதையெல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் சமரச மனுவோடு இணைத்துவிடுங்கள். பிப்ரவரியிலிருந்து இப்போது மூன்று மாதம் ஆகப்போகிறது. துளிர்த்த செடிகளை எண்ண வேண்டிய நாளும் வந்துவிட்டது.